எங்கள் பக்கத்துத் தாமதம்

கம்ப்யூட்டர் ஆட்டப் போட்டியின் முதல் மேப்பில், அதாவது மூன்று களங்களில் முதலாவதில், நாங்கள் சுட்ட குண்டெல்லாம் சுவரில்தான் பட்டது. எதிரி ஓடுவான். நாங்கள் அவனுக்கு ஒரு எட்டு முன்னால் சுடுவோம். அவன் திரும்பி எங்களை நிதானமாகப் பார்த்து, ஒரே குண்டில் கதையை முடிப்பான். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. கண்ணாடி அறைக்குள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அது எனக்குத் தெரிந்தது. பல்லைக் காட்டுகிறவர்களைப் பார்க்கக் காது தேவையில்லை.

எங்களுக்குக் குறி வைக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் இந்த ஆட்டம் ஆடுகிற எல்லோருடைய குறியும் இப்படித்தான் இருக்கும். ஆட்டத்தை நடத்தும் சர்வர் கம்ப்யூட்டர் இருப்பது தலைநகரில். டயர் கடை மாடியில் இருக்கும் எங்கள் கேமிங் சென்டரில் பொத்தானை அழுத்தினால், அது அங்கே போய்ச் சேருவதற்குள் எதிரி இடம் மாறிவிடுவான். அதனால் அவன் இருக்கும் இடத்தில் சுடக் கூடாது, வரப்போகும் இடத்தில் சுட வேண்டும். வருடக்கணக்காக லேக் என்கிற இந்தத் தாமதத்தோடு மல்லுக்கட்டி, அப்படியே பழகிவிட்டோம். தகுதிச் சுற்றையும் ஊரிலிருந்தேதான் ஆடினோம், எங்களிடம் தோற்றவர்களுக்கும் அதே லேக்தான். இந்த அரங்கத்திலோ சர்வர் மேடைக்கு அடியிலேயே இருந்தது. அழுத்திய நொடியில் குண்டு பாய்ந்தது. எங்கள் விரல்கள் மட்டும் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை.

நாங்கள் ஐந்து பேர். நான் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவள், அணியின் கேப்டன். இன்னொருவர் பஸ் கண்டக்டர், ஆட்டத்திலும் அவருக்கு அதுதான் பெயர். எப்போதும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஆடும் இரட்டையர் இருவர். பிறகு என் தம்பி. எங்கள் எல்லோரையும்விடக் கை வேகம் அவனுக்குத்தான். கூரியர் வேலையை உதறிவிட்டு இதையே நம்பி உட்கார்ந்திருக்கிறான். அம்மாவுக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

முதல் மேப் முடிந்து இடைவேளையில் வெளியே வந்தால், வாசலிலேயே மேலாளர் நின்றிருந்தார். போட்டிக்கு ஸ்பான்சர் ஒரு போன் கம்பெனி, இவர் அதன் விளம்பர மேலாளர். காலையில் சொன்னதையே மறுபடி சொன்னார், பச்சைப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு. எங்கள் பக்கத்தில்தான் இந்த ஆட்டத்தை நேரலையில் பார்க்கிறவர்கள் அதிகமாம். ஆனால் பார்க்கிறவர்கள் வேறு, வாங்குகிறவர்கள் வேறாம். தலைநகரில் கொஞ்சம் பேர் பார்த்தாலும் விலை கூடிய போனை வாங்கிவிடுகிறார்களாம். அதனால்தான் சர்வர், பயிற்சிக்கூடம், அணிகளுக்குச் சம்பளம் எல்லாம் அங்கே. போட்டியில் எங்கள் பக்கத்து அணிக்கு என்று விட்டுவைத்திருக்கும் ஒரே ஒரு இடம் கம்பெனியின் நல்ல மனசு. அது அடுத்த வருடமும் இருக்க வேண்டுமென்றால், ஆட்டம் முடிந்ததும் மைக்கில் நான் இரண்டு வரி சொல்ல வேண்டும். பின்தங்கிய பகுதிக்கும் வாய்ப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு நன்றி என்று. கொஞ்சம் கண் கலங்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்.

அவர் போனதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"சொல்லிடுக்கா. ரெண்டு வரிதானே. இடம் இருந்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் இல்லை. இவ்வளவு கை வேகம் உள்ளவனை இப்படிக் கெஞ்ச வைத்தவர்கள்மேல். கோபம் வந்தால்தான் எனக்கு மூளை ஒழுங்காக வேலை செய்யும், வீட்டில் யாரும் இதை நம்புவதில்லை. பின்தங்கிய, பின்தங்கிய என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. உண்மையில் நாங்கள் முந்திக்கொண்டல்லவா சுடுகிறோம்? தாமதமாகப் போய்ச் சேருகிற ஏதாவது எங்கள் கையில் இருந்தால்?

ஆட்டத்தில் வில் என்று ஓர் ஆயுதம் உண்டு. யாரும் அதைத் தொட மாட்டார்கள். அம்பு ஆடி அசைந்துதான் போகும்.

"துப்பாக்கிய வைங்க. எல்லாரும் வில் எடுங்க" என்றேன்.

மானம் போவது போகட்டும், அதற்கு வேஷம் வேறு கட்ட வேண்டுமா என்றார் கண்டக்டர். அம்பு பறக்கிற நேரமும் நம் லேக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஊரில் சுடுவது போலவே சுடுங்கள் என்று சொன்னேன். இரட்டையர் முதல் தடவையாக ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

இரண்டாவது மேப்பில் நாங்கள் வில்லோடு வந்து நின்றபோது எதிரணியின் கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தான். தலையில் வெள்ளைத் தொப்பி, மூன்று வருடமாகத் தோற்காதவன். முதலில் ஓடியதும் அவன்தான். தம்பியின் அம்பு அவனுக்கு முன்பே போய் அங்கே நின்றது. பிறகு ஓடியவர்கள், குதித்தவர்கள், சுவரைச் சுற்றி வந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதிதான். அவர்கள் எங்கே போவார்கள் என்று யோசிப்பது எங்களுக்குத் தனி வேலை இல்லை, நாங்கள் பார்க்கிற பார்வையே அதுதான். அந்த மேப்பை அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் எடுத்தோம். அரங்கத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. நான் ஹெட்செட்டைக் கழற்றி அந்த அமைதியை ஆசை தீரக் கேட்டேன்.

மூன்றாவதில் வெள்ளைத் தொப்பி சுதாரித்துக்கொண்டான். அவர்கள் ஓடுவதையே நிறுத்திவிட்டு, மூலைக்கு மூலை பதுங்கிக்கொண்டார்கள். நகராதவனை எங்களுக்குச் சுட வராது. கடைசிச் சுற்றுவரை இழுத்துப் பிடித்துத் தோற்றோம். தோல்வி தோல்விதான், அதற்குச் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை.

மேடைக்கு அழைத்தார்கள். படி ஏறும்போது தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அந்த ரெண்டு வரிய சொல்லாதக்கா."

"உன் இடம் போயிடும்டா."

"போகட்டும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். இடைவேளையில் இருந்த பயம் அதில் இல்லை. அது இப்போது என்னிடம் வந்திருந்தது. அவனுக்கு வேறு வேலையும் இல்லை, வேறு கனவும் இல்லை. என் வாயிலிருந்து வருவது அவன் வாழ்க்கை. ஆனாலும் இனிமேல் ஒவ்வொரு வருடமும் இவன் குனிந்து நின்று வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் எங்களுக்கு எதற்கு? மைக்கை வாங்கினேன்.

"என்னை நன்றி சொல்லச் சொல்லியிருக்காங்க. எங்களுக்கு யாரும் வாய்ப்பு கொடுக்கல, ஜெயிச்சுதான் இந்த மேடைக்கு வந்தோம். எங்க பக்கத்துல பாக்கறவங்கதான் இருக்காங்களாம், வாங்கறவங்க இல்லையாம். அதனால சர்வர் கிடையாதாம். பாக்கறதுக்கு மதிப்பே இல்லன்னா நாம எதுக்குப் பாக்கணும்? எங்க பக்கத்து ஆளுங்க எல்லாரும் இப்பவே அணைச்சிட்டு எழுந்து போங்க."

அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். கம்பெனியின் புதுப் போன் விளம்பரம் ஓடத் தொடங்கியது. மேடைக்கு மேலே பெரிய திரையின் மூலையில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். அது அசையவே இல்லை. மேலாளர் என்னைப் பார்த்து, பாவம் என்பதுபோலச் சிரித்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தம்பி அவரிடம் மரியாதையாகவே சொன்னான். "கொஞ்சம் இருங்க சார். எங்க பக்கம் போய்ச் சேர நேரமாகும்."

அவன் சொல்லி முடித்ததும் கணக்கு ஒரு முறை சிமிட்டியது. பிறகு மளமளவென்று சரிந்தது. விளம்பரத்தில் அந்தப் போனை ஒரு பெண் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் பாதிக்கும் கீழே போய்விட்டது, அதன் பிறகும் நிற்கவில்லை. எங்கள் சென்டரில், சலூன்களில், பஸ் டிப்போவில், முகம் தெரியாத எத்தனையோ வீடுகளில் ஒவ்வொன்றாகத் திரை அணைகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேலாளர் கேட்டபடியே.

அவர் மேடையேறி வந்தார். இந்த முறை குரலில் அந்தப் பொறுமை இல்லை. மைக்கை அவரே போட்டு என் கையில் கொடுத்தார்.

"மேடம், திரும்ப வரச் சொல்லுங்க."

"சொல்றேன் சார்" என்றேன். மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். "எங்க பக்கம் சர்வர் எப்ப வைக்கறீங்கன்னு நீங்க முதல்ல சொல்லுங்க."