கடைசி மீதி

மறுபடியும் மின்சாரம் போய்விட்டது. மகள் நாற்காலியில் ஏறி மெயின் சுவிட்சை மேலே தள்ளினாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளறையில் அவருடைய கம்ப்யூட்டர் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் இரைந்துகொண்டிருந்தது. அம்மாவின் மின்விசிறிக்குக்கூட வாங்காத பேட்டரியை அதற்கு வாங்கி வைத்திருந்தார்.

"அந்தச் சனியனைப் பிடுங்கிப் போடு," என்றான் அண்ணன். "அதனாலதான் லோடு தாங்கல. வந்தவங்க முன்னாடி மானம் போகுது."

"கொஞ்ச நேரம்டா. முடியப்போகுது."

"முடிஞ்சா? அப்பா எந்திரிச்சு உக்காருவாரா?"

பல லட்சம் இலக்கங்கள் கொண்ட ஒரே ஓர் எண். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருவது. ஒன்றும் அதுவும் தவிர வேறெதுவும் அதை வகுக்காது, அது பகா எண் என்று அப்பா நம்பினார். அதைச் சோதிக்கத்தான் பல மாதங்களாக அந்த இயந்திரம் ஓடியது. வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, அந்த எண்ணாலேயே வகுத்து, மீதியை மறுபடி வர்க்கமாக்கி... கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்துதான். நிறுத்த என்ன அவசியம் வரப்போகிறது என்று, இடையில் சேமிக்கும் வழியை அவர் எழுதவே இல்லை.

அண்ணன் உள்ளறைக்குள் போய், பேட்டரியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போன ஒயரைப் பிடித்தான்.

"இழுத்தேன்னா கையை ஒடிச்சுடுவேன்."

வாசற்படியில் அம்மா. காலையிலிருந்து வாய் திறக்காதவள். அந்த எண்ணைச் சக்களத்தி என்றே இத்தனை வருடமும் சொல்லி வந்தவள்.

"லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் நிறுத்து. அது ஓடட்டும்."

அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டாள். "நாங்கல்லாம் வேகணுமா அண்ணி? எங்கண்ணன் உயிரோட இருந்தப்ப இந்த ரூம் பக்கம் எட்டிப் பார்த்திருப்பியா நீ?"

"யாருகிட்ட தோத்தேன்னு எனக்குத் தெரியணும். வேகறவங்க வெளிய போய் நில்லுங்க."

வண்டி வந்துவிட்டதாக யாரோ வந்து சொன்னபோது, கம்ப்யூட்டரின் இரைச்சல் சட்டென்று தணிந்தது. மகள் திரையைப் பார்த்தாள். நீளமாக இலக்கங்கள்.

"பூஜ்யம் இல்லம்மா. பகா எண் இல்ல."

அண்ணன் சிரித்தான். "இதுக்காகத்தான் ஒரு நாளாவது என் ஸ்கூல் வாசலுக்கு வரலையா அந்த மனுஷன்?"

அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ, வகுபடுமா?"

"படும்."

"எதால?"

"அது தெரியாதும்மா. வகுபடும்னு மட்டும்தான் இந்தக் கணக்கு சொல்லும். எதாலன்னு சொல்லாது."

வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். அம்மா குனிந்து பிளக்கைத் தானே பிடுங்கினாள். ஒயரை உள்ளங்கையிலும் முழங்கையிலுமாக, அவசரமில்லாமல் சுற்றினாள். பிறகு கம்ப்யூட்டரின் மேல் கையை வைத்தாள். இன்னும் சூடு இருந்திருக்க வேண்டும். கூப்பிட்டும் அவள் கையை எடுக்கவில்லை.