தேய்மானத்துக்கு மூன்று வார்த்தை

அந்த பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு டிக்‌ஷனரி என்று பெயர். யார் வைத்தார்களோ, கூட்டிப் பெருக்குகிறவர் முதல் மேனேஜர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்கு வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்ப்பாள். பட்டப்பெயரில் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர்கள் எதையும் செய்வார்கள்.

அங்கே வேலை இதுதான். பெயின்ட் அடித்த தகடுகளை மொட்டைமாடியில் சாய்த்து வைத்து, வெயிலிலும் மழையிலும் கிடக்க விடுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி, அலமாரியில் பூட்டி வைத்த புதுத் தகட்டின் பக்கத்தில், வெள்ளை விளக்கின் கீழ் வைத்து, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்த்துச் சொல்வது அத்தான். அதை ஆங்கிலத்தில் ரிப்போர்ட்டாக எழுதுவது அவள். அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் வீட்டுக்காரர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"லேசா வெளுத்திருக்கும்மா" என்று அத்தான் சொன்னால் அவள் 'ஃபேட்' என்று எழுதுவாள். விளிம்பில் உரிந்தால் அதற்கு ஒரு வார்த்தை, விரலில் மாவு ஒட்டினால் இன்னொன்று. எல்லாம் தாண்டி, அடியோடு கெட்டுவிட்டது என்கிற 'டிட்டீரியரேட்'டை எழுதிவிட்டால் அந்தத் தகடு மறுபடி மாடி ஏறாது. பின்பக்கத் தொட்டிக்குப் போய்விடும். அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது.

நிறம் பார்க்க ஒரு மெஷின் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோதுதான் மேனேஜர் முதல்முறை அவள் மேஜைக்கு வந்தார்.

"டிக்‌ஷனரி, ஒரு வார்த்தை வேணும்மா. ஒருத்தர் வேலையில கொஞ்சம் கொஞ்சமா கீழ போறார்னு சொல்லணும். 'டிக்ளைன்'னு போட்டா வியாபாரம் படுத்துப்போன மாதிரி இருக்கு."

"'வேன்'னு போடுங்க சார்."

"ஏறிப் போற வேனா?"

"இல்ல சார். நிலா தேயுது இல்லையா, அதுக்குச் சொல்றது. யார் தப்பும் இல்லாத மாதிரி இருக்கும்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே போனார். அவளுக்கு அன்று முழுவதும் தலைகால் புரியவில்லை. யாரைப் பற்றி என்று கேட்கத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்றுதான் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த ஊழியர் மதிப்பீடு எழுதும்போது மறுபடி வந்தார். இந்தத் தடவை அவள் கொடுத்தது 'எரோஷன்'. தண்ணீர் கரையை அரிப்பதுபோல, எப்போது ஆரம்பித்தது என்று யாரும் கேட்க முடியாது என்று விளக்கமும் சொன்னாள். சொல்லிவிட்டு, "யாருக்கு சார்?" என்றாள்.

"உங்க அத்தான் மாதிரி தங்கமான மனுஷனப் பத்தி எழுதறதுதாம்மா கஷ்டம்" என்றார் மேனேஜர். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலும் விடவில்லை.

அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மெஷின் வந்தால் அத்தான் தேவையில்லை. பழைய ஆளைத் திடீரென்று வீட்டுக்கு அனுப்பத் தலைமை அலுவலகம் விடாது. ஆனால் ஒருவர் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வருகிறார் என்று வரிசையாக எழுதி வந்தால், கடைசியில் அனுப்புவது இரக்கம் மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் அதற்கென்றே நாசூக்கான வார்த்தைகள் இருக்கின்றன. விழுந்தான் என்று எழுதினால் தள்ளியது யார் என்று எவனாவது கேட்பான். தேய்கிறான் என்று எழுதினால் ஒருத்தனும் கேட்கமாட்டான். இத்தனைக்கும் அத்தான் தவறாகச் சொன்னது ஒரே ஒரு தகடு. தன் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்த அன்று, நீலத்தைக் கொஞ்சம் அவசரமாகப் பார்த்துவிட்டார்.

மூன்றாம் தடவை மேனேஜர் வந்தபோது அவள் தெரிந்தேதான் கொடுத்தாள். அந்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "வேற வழியில்ல சார், இதுக்கு மேல 'டிட்டீரியரேட்'தான்" என்றாள். குரல் நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போதும் பகீர் என்கிறது.

அவள் நிரந்தரமானாள். அக்கா வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அத்தான் எல்லோரையும் விட அதிகமாக.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த வீட்டில் ஒரு வாய் காபி இறங்கவில்லை. அத்தான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பச்சைதானே?" என்று அக்காவிடம் கேட்க ஆரம்பித்திருந்தார். சிக்னலில் விளக்கு மாறிய பிறகும் பக்கத்து வண்டி கிளம்பட்டும் என்று காத்திருந்தார். கண் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பியிருந்தார். "அவரு இன்னைக்குத்தானே பாத்தாரு. கொஞ்சம் கொஞ்சமா போறது ஒருநாள்ல எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை வரச் சொன்னார். சமையலறையில் அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"மேனேஜர் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினாரும்மா. கடைசி வார்த்தை எனக்கே தெரியும், தினம் கேக்கறதுதானே. முன்னாடி ரெண்டு சொன்னாரே, வேன், எரோஷன்னு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"தேயறது அத்தான். இன்னொன்னு, அரிச்சுப் போறது."

"அரிக்கறதுன்னா உள்ளுக்குள்ளயே நடக்கும். நமக்குத் தெரியாது, இல்ல?"

"அப்படின்னு இல்ல..."

"நான் சண்டை போடலாம்னுதான் போனேன். என்னைக்குத் தப்பு பண்ணினேன், எந்தத் தகடுன்னு கேக்கலாம்னு. ஆனா இதுக்கு என்னைக்குன்னு கேக்க முடியலையே. தேயறவன் என்னைக்குத் தேஞ்சேன்னு எப்படிக் கேப்பான்?" தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நானே விலகிக்கறேன். மரியாதையா இருக்கும். நல்ல இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் குடு."

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று அவளுக்குப் பட்டது. அத்தான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மேனேஜருக்கு ஒரு வேலை மிச்சம். கம்பெனி அனுப்பவில்லை, அவரே போனார் என்று ஆகிவிடும். சொல்லிவிட்டால் அவர் கத்துவார், அடித்தாலும் அடிப்பார், ஆனால் திங்கட்கிழமை போய்ச் சண்டை போடுவார். அதுதான் வேண்டும்.

"அத்தான், அந்த வார்த்தை எல்லாம் நான் குடுத்தது."

அவர் புரியாமல் பார்த்தார்.

"மேனேஜர் என்கிட்டதான் வந்து கேட்டார். மூணும் நான்தான் சொன்னேன். முதல்ல உங்களுக்குன்னு தெரியாது. அப்புறம் தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு திட்டுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அத்தானின் முகத்தில் கோபம் இல்லை. இத்தனை நாள் எங்கோ ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சந்தேகம் கூட இப்போது இல்லை.

"நீயா சொன்ன?" என்றார் மெதுவாக. "அந்தாளு ஏதோ கதை கட்டறான்னு மனசுக்குள்ள கொஞ்சம் நெனச்சுக்கிட்டிருந்தேன். தினம் பக்கத்துலயே நின்னு பாக்கறவ நீ. நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

"ஐயோ, இல்ல அத்தான். எல்லாம் பொய். உங்களுக்கு ஒண்ணுமே ஆகல. என் வேலைக்காகச் சொன்னேன்."

"சரிம்மா, சரி." அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "என் முகத்துக்கு நேரா சொல்ல உனக்கு மனசு வரல. இப்பவும் என்னைத் தேத்தத்தான் பாக்கற. எனக்குத் தெரியாதா உன்னை?"

அவள் மறுபடி சொன்னாள். நிரந்தரமானதைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள், ஒரே ஒரு நீலத் தகட்டைச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளைக்கு ஆட்டுவதைப்போல.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், நம்பியும் இருந்தாள். அது அவள் பார்வையிலேயே தெரிந்தது.

அத்தான் மூடியைக் கழற்றி, பேனாவைத் தங்கையின் கையில் வைத்தார்.

"எழுதும்மா" என்றார்.

(அக்காவுக்குத் தங்கையென்றால் அவருக்கும் தங்கைதான். அவர் என்றைக்கும் அப்படித்தான் நினைத்தார்.)