பதின்மூன்று குழிகள்

செல்லத்தாய்க்குப் பிடிவாதம் பிறவிக் குணம். அது அவளுக்குச் சோறு போட்டதில்லை. ஒருநாளும் தலைகுனிய வைத்ததுமில்லை. 1986 மாசியில், தேவதானத்துச் சௌந்தரபாண்டியன் தோட்டத்தில் கூலிக்கு வாய்க்கால் வெட்டும்போது அவள் மண்வெட்டி பட்டு ஒரு கலயம் உடைந்தது. உள்ளே இறுகிப்போன மண். அடியில் பதின்மூன்று தங்கக் காசுகள்.

முதலாளி ராஜபாளையத்திலிருந்து தட்டார் ரத்தினத்தை அழைத்து வந்தார். புளி போட்டுத் தேய்த்து, கல்லில் உரசினால்தான் விலை சொல்ல முடியும் என்றார் ரத்தினம். செல்லத்தாய் கொடுக்க மறுத்துவிட்டாள். எவர் வீட்டுப் பொருளோ, கிடைத்தபடியே சர்க்காரிடம் போகட்டும் என்று காசு, ஓடு, மண்கட்டி எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு, தலையாரியையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறினாள். மண்ணைக்கூடவா சுமக்கிறாய் என்று பஸ்ஸே சிரித்தது.

சிரிப்பு போய்ப் பழி வந்தது. அத்தனை பெரிய கலயத்தில் பதின்மூன்று காசுதானா, பாதியை அமுக்கிவிட்டாள், அதனால்தான் தட்டாரிடம் காட்டவில்லை என்று சௌந்தரபாண்டியன் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. அரைவயிறு அவளுக்குப் பழக்கம்தான். திருடி என்ற சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, விலை மதிக்க மெட்ராஸிலிருந்து ஞானபாக்கியம் என்ற மியூசியம் அதிகாரி வந்தார். தாலுகா ஆபீசில் முதலாளியும் செல்லத்தாயும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு காசாக நிறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். நாயக்கர் காலத்து வராகன் என்றார். தேய்க்காமல், உரசாமல், எழுத்து மழுங்காமல் வந்திருப்பதால் வெறும் தங்க விலையைப்போல் எட்டு மடங்கு பெறும் என்றார். செல்லத்தாய்க்கு ரத்தினத்தின் புளி நினைவுக்கு வந்தது.

இன்னும் காசு இருந்திருக்குமே என்று முதலாளி இழுத்தார்.

ஞானபாக்கியம் அந்த மண்கட்டியை எடுத்தார். ஓடுகளை ஒட்டவைத்து அதற்குள் கட்டியைப் பொருத்தினார். கலயம் முழுக்க மண்தான், வேறு எதற்கும் இடமில்லை. பிறகு கட்டியைக் கவிழ்த்தார். அடியில் வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காசை வைத்துக்கொண்டே வந்தார். பதின்மூன்றாவது காசும் கச்சிதமாக உட்கார்ந்தது. காலிக்குழி ஒன்றுகூட மிச்சமில்லை.

"இந்த மண்ணு மட்டும் வரலைன்னா என்னால இதச் சொல்லியிருக்க முடியாது. ரிப்போர்ட்ல எழுதணும், உங்க பேரு என்னம்மா?"

"செல்லத்தாய்," என்றாள், வராந்தா வரைக்கும் கேட்கும்படி. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வாசலில் சௌந்தரபாண்டியன் தரையைப் பார்த்தபடி, நாளைக்கு வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

"வாரேன் மொதலாளி. ஆனா டீக்கடையில சொன்னத டீக்கடையிலயே வச்சு மாத்திச் சொல்லுங்க. பொறவு வாரேன்."

மறுநாள் காலை, கூட்டம் சேரும் நேரத்தில் அவர் சொன்னார். செல்லத்தாய் கடைசிச் சொல் வரைக்கும் நின்று கேட்டாள். அப்புறம்தான் மண்வெட்டியைத் தோளில் போட்டாள்.