சோமு என்ன சாப்பிட்டான்

அனந்தவல்லி இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. வெந்நீர் மட்டும் குடித்தாள், அதுவும் பொழுது இருக்கும்போது. காணாமல் போன சோமு திரும்பிவந்து வாசற்படி ஏறினால்தான் சாப்பாடு என்று ஜினாலயத்தில் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாய்க்காகவா இப்படி என்று தெருவில் கேட்டார்கள். பகவான் முன்னால் சொன்னதை எப்படி மாற்றுவது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

நாங்கள் பக்கத்து வீடு. அவர்கள் நயினார்கள், மீன், கறி தொடாத தமிழ்ச் சமணர்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம், வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள், விளக்கு வைத்தபின் அந்த வீட்டுச் சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்காது. நான் மீன்குழம்பு வைக்கிற நாளில் சோமு வந்து என் கொல்லைக்கதவைப் பிராண்டுவான். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடத் திறந்ததில்லை. காரணம், அவனைக் குட்டியாகத் தூக்கிவந்த அன்றே அனந்தவல்லியின் மாமியார் ஞானமதியம்மாள் சொன்ன பேச்சு.

"நம்ம வூட்ல இருக்கறதுன்னா நாம சாப்பிடறதத்தான் சாப்பிடணும். வெளியில வாய வச்சான்னா அதோட சரி. படி ஏறக்கூடாது."

குரல் உயர்த்திப் பேசுகிறவர் இல்லை அவர். அதனால்தான் பயம்.

எண்பத்து நாலாம் வருஷம், மாசி மாதம். மண்டியில் லாரியில் ஏற்றிய மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்த சோமுவோடு லாரி விழுப்புரத்துக்குப் போய்விட்டது. அது தெரியாமல் அவள் வீட்டுக்காரர் பார்சுவநாத் இரண்டு நாள் திண்டிவனம் முழுக்க சைக்கிளில் சுற்றினார். மயிலத்தில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள் என்று மூன்றாம் நாள் காலை அங்கே போனார். அவர் அப்படிப் போன பிறகுதான் லாரி டிரைவர் இருதயராஜ் வந்து, மில்லில் மூட்டை இறக்கும்போது ஒரு நாய் தாவி ஓடியதைச் சொன்னார். அது நம் நாய் என்று தெரியாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஏறுங்கம்மா, நானே இட்டுக்கினு போறேன்" என்றார்.

அனந்தவல்லியை முன்சீட்டில் உட்காரவைத்து, அவள் சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டே போனேன். வழி நெடுக அவள் ரோட்டோரத்து நாய்களையே எண்ணிக்கொண்டு வந்தாள்.

மில் வாட்ச்மேன் டீக்கடையைக் கை காட்டினார். டீக்கடைக்காரர் வெங்கடாசலம் அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு நடந்து வந்தார். கருவாடு விற்கிற பூமாலையிடம் ஒரு நாய் கட்டிக்கிடப்பதாகச் சொன்னார். கருவாடு என்றதும் எனக்கு ஞானமதியம்மாள் பேச்சு ஞாபகம் வந்தது. அனந்தவல்லியைப் புளியமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு நான் முந்திப் போனேன்.

கோணிப்பந்தலின் கம்பத்தில், புடவைக் கிழிசலால் கட்டிய சோமு. முன்னால் மண்சட்டி. சட்டியில் நெத்திலிக் குழம்புச் சோறு. என்னைப் பார்த்து வாலை ஆட்டினான், ஆனால் சட்டியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"ஒங்குளுதா?" என்றாள் பூமாலை. "மொத நாளு சோத்த மோந்துட்டு ஓரமா படுத்துக்கிச்சு. பாவமேன்னு தயிரு வாங்கியாந்து ஊத்திக் குடுத்தேன். நேத்து ஒரு நெத்திலி போட்டேன் பாரு, இப்ப என்ன வுட்டு நவுர மாட்டேங்குது."

யார் வீட்டு நாய், என்ன கட்டளை, இரண்டு நாள் பட்டினி, எல்லாவற்றையும் காதோடு சொன்னேன். அவள் மரத்தடியில் நின்றவளின் காய்ந்த உதட்டை ஒரு பார்வை பார்த்தாள். காலால் சட்டியைத் தள்ளிக் கூடையைக் கவிழ்த்து மூடினாள். குடத்துத் தண்ணீரால் சோமுவின் மூஞ்சியைக் கழுவினாள். வெங்கடாசலம் ஓடிப்போய் எலுமிச்சை மூடி கொண்டுவந்தார். அதை வைத்துச் செம்பைத் துலக்குவதுபோல் மீசையைத் தேய்த்தாள். சோமு இரண்டு தும்மல் போட்டான்.

"வாம்மா" என்று கூப்பிட்டாள். "தயிர்சோறு தவிர எதையும் தொடலம்மா ஒம் புள்ள."

சோமு பாய்ந்து அனந்தவல்லியின் முகமெல்லாம் நக்கினான். எலுமிச்சையை மீறி மீன் வாடை வந்ததோ என்னவோ, அவள் மூக்கைச் சுருக்கினாள். கவிழ்ந்த கூடையைப் பார்த்தாள், பூமாலையைப் பார்த்தாள். கும்பிட்டாள்.

கிளம்பும்போது வெங்கடாசலம் கையால் நாலு வாழைப்பழம் கொடுக்கவைத்தாள் பூமாலை. "என் கூடையில படலம்மா. அவரு வாங்கியாந்தது."

லாரி அங்கேயே லோடுக்கு நின்றுவிட்டதால் பஸ்ஸுக்கு ஓடினோம். கண்டக்டர் நாய் ஏறக்கூடாது என்றார். விஷயத்தைக் கேட்டபின், "பின்சீட்டுல ஒக்காருங்க. செக்கிங் வந்தா நாயே எனக்குத் தெரியாது" என்றார்.

விக்கிரவாண்டியில் பஸ் கால்மணி நேரம் நின்றது. கூட்டேரிப்பட்டு வரும்போது சூரியன் பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. பொழுது சாய்ந்துவிட்டால் இன்னொரு ராத்திரியும் பட்டினி. அனந்தவல்லி ஜன்னலையும் சோமுவின் மீசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அத்தை கேட்டா என்னா சொல்றது? எனக்குப் பொய் வராதுக்கா."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வாய்தான் காஞ்சி கெடக்குதே, மூடிக்கினு வா."

ஞானமதியம்மாள் வாசலில் நின்றிருந்தார். மேற்கே பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கடைசியாகச் சோமுவை.

"ரெண்டு நாளா என்ன சாப்பிட்டான்?"

அனந்தவல்லி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "தயிர்சோறுங்க." முதல் நாள் கணக்கு அதுதானே.

சோமு போய் அவருடைய புடவையில் மூஞ்சியைத் தேய்த்தான். அவர் குனிந்து தலையைத் தடவினார். நிமிர வெகுநேரம் ஆனது. எதிர்வீட்டு ஓட்டில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது.

"ஒரு சொம்பு தண்ணி மொண்டுக்கினு வா, அனந்தா" என்றார். "அவன் வாய நல்லாக் கழுவி உள்ள இட்டுக்கினு வா. இன்னும் பொழுது இருக்குது."

தயிர்சோறு தின்ற வாயை எதற்குக் கழுவவேண்டும் என்று நான் கேட்கவில்லை. சோமு படி ஏறினான். அனந்தவல்லி நின்ற இடத்திலேயே பழத்தை உரித்தாள்.