போலியூ

என் கணவர் இராசரத்தினம் யார் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும், சாப்பாடு முடிந்ததும் இங்கிலாந்துக்குப் போய்விடுவார். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதில், கணக்கியல் படிக்கப் போயிருந்த காலத்தில், ஒரு பிரபுவின் மாளிகைப் புல்வெளியில் நடந்த ஜாஸ் விழாவுக்கு. பழைய ஜாஸ் ரசிகரும் புதிய ஜாஸ் ரசிகரும் தங்களுக்குள் அடிபட்டது, விளக்குச் சட்டம் சரிந்தது, தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றது எல்லாம் அவர் கண்முன்னால் நடந்தவை. பிறகு வந்த றொக் விழாக்கள் எல்லாம் அந்தப் புல்வெளி போட்ட குட்டிகள் என்பார். இடத்தின் பெயர் போலியூ.

அந்தப் புல்வெளியால் என்னை அளந்தபடியே எங்கள் கல்யாண வாழ்க்கை போனது. காரில் நாதஸ்வரம் போட்டால் கையை நீட்டி நிறுத்துவார். பாட்டைப் பற்றியோ பருப்பைப் பற்றியோ நான் மறுத்து ஒன்று சொன்னால் ஒரே பதில்தான்: "நீர் அங்கை நிண்டனீரோ?"

நான் நிற்கவில்லை. அப்போது ஊரில், சுன்னாகத்தில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதையே என் குறைபாடாக நம்பப் பழகினேன். முதலில் பாடுவதை விட்டேன். பிறகு குசினியில் சமைக்கும்போது பாட்டை முணுமுணுப்பதையும் விட்டேன்.

போன கோடையில் நாங்கள் குடியேறிய யூனியன்வில் ஊரின் முதியோர் சங்கத்தில் அந்த இசை விழாக்களின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டார்கள். சங்கத்தை நடத்தும் பிரியந்தன், 'நேரில் கண்டவர்' என்று அறிமுகம் செய்தார். அந்த வெயிலிலும் இவர் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டிருந்தார். நான் முன்வரிசையில் அவருடைய தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு முடிய, மட்டக்களப்பு றெஜினா கையை உயர்த்தினாள். பேச்சைப் பாராட்டிவிட்டுத் தயங்கித்தான் கேட்டாள்.

"அண்ணை, நீங்க சொல்றது பியூலியைத்தானே? நான் சவுத்தாம்ரனில நேர்ஸா இருந்தனான். லீவுக்கு அங்க பஸ்ஸில போய் வருவம். எழுத்து நீங்க சொல்ற மாதிரித்தான், ஆனா அங்க எல்லாரும் பியூலி எண்டுதான் சொல்லுவாங்க."

இவர் சிரித்துவிட்டு ஓம் என்றிருக்கலாம். ஆங்கில ஊர்ப்பெயர்கள் எங்களில் யாரைத்தான் ஏமாற்றவில்லை? ஆனால் அங்கே போனவன் ரிக்கற் வாங்க அந்தப் பெயரை ஒரு தடவையாவது வாயால் சொல்லியிருப்பான். யாராவது திருத்தியிருப்பார்கள். இவர் அதைப் பத்திரிகையில் மட்டும்தான் கண்டிருக்கிறார். இது எனக்கு அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது. போலியூ. கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் தமிழ்.

அவர் றெஜினாவைத் திருத்தத் தொடங்கினார்.

"தங்கச்சி, உமக்கு ஆரோ பிழையாச் சொல்லித் தந்திருக்கினம். போலியூ. நான் அங்கை நிண்டனான்."

பிரியந்தன் நல்ல மனதோடு தன் ஃபோனிடம் கேட்டார். ஃபோன் ஒரு பெண்குரலில் 'பியூலி' என்றது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஃபோனும் பிழை என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"புனிதம், நீர் சொல்லும். எத்தினை தரம் உமக்குச் சொல்லியிருப்பன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்ற ஒரு சொல் போதும். அவருக்குப் பசித்த போதெல்லாம் சோறு போட்டதைப் போல அதையும் போட்டிருக்கலாம். அவர் பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு பத்திரிகைத் துண்டுக்கா என் குரலைக் கொடுத்தேன் என்பதுதான் உறுத்தியது.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். "நான் அங்கை நிக்கேல்லையே."

இந்த முறை யாரும் இருமவில்லை, நேராகவே சிரித்தார்கள். மேடையில் அவர் ரையைத் தடவிக்கொண்டு நின்றார். இரக்கம் வரும் என்று எனக்குள்ளே பார்த்தேன். வரவில்லை. வராததற்காக வெட்கமும் வரவில்லை.

திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். நாதஸ்வரத்தைப் போட்டேன். அவருடைய கை பாதிவரை வந்து, மடிக்குத் திரும்பியது.

"கொஞ்சம் குறையுமன்," என்றார்.

நான் குறைக்கவில்லை.