நூற்றுக்கு நூறு வாங்கிய நெஞ்செரிச்சல்

அறுவை மருத்துவரின் அறைச் சுவரில் இடம் மிச்சமில்லை. பட்டங்கள், கேடயங்கள், பெரிய மனிதர்களோடு கைகுலுக்கும் படங்கள். எஞ்சியிருந்த ஒரே மூலையில் அன்று காலை ஒரு வரைபடம் ஏறியிருந்தது: முற்றிப்போன அமில எதுக்களிப்புக்கு அவர் செய்த அறுவைச் சிகிச்சைகளின் பலன். எல்லாப் பட்டைகளும் உச்சியை முட்டிக்கொண்டு நின்றன. நூற்றுக்கு நூறு. கடவுளே இறங்கி வந்து ஆபரேஷன் செய்திருந்தாலும் இரண்டு மூன்று குறைந்திருக்கும்.

நூறு வந்த வழி எளிமையானது. நலம் விசாரிக்கும் வேலையை மருத்துவர் வேறு யாரிடமும் விடமாட்டார். நோயாளியின் தோளில் தாமே கை வைத்து, "என்ன, எரிச்சல் கிரிச்சல் ஒண்ணும் இல்லையே? நல்லா முழுங்கறீங்கதானே?" என்பார். கேள்வியோடு பதிலையும் மடித்துக் கொடுத்துவிட்டால் யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நம் வயிற்றுக்குள் புகுந்து வேலை பார்த்த மனிதரிடம், முகத்துக்கு நேரே குறை சொல்ல நாக்கு எழுமா?

ரொட்டிக்கடைக்காரருக்கும் எழவில்லை. பல வருஷமாக அமிலம் ஏறி ஏறி அவருடைய உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கிவிட்டது. படுத்தால் எரியும் என்று நாற்காலியில்தான் தூக்கம். மருத்துவர் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் மஃப்ளர் மாதிரிச் சுற்றித் தைத்தார். எரிச்சல் ஓடியே போயிற்று. ஆனால் மஃப்ளர் கொஞ்சம் இறுக்கம். தான் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டுகூட அவருக்கு இறங்கவில்லை.

அடுப்பிலிருந்து வரும் முதல் ரொட்டியின் முனையைப் பிய்த்துத் தின்றால்தான் அவருக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி.

"மென்னு பாத்துட்டுத் துப்பிடுங்களேன்," என்றாள் மனைவி.

"ரொட்டியத் துப்பறவன் ரொட்டிக்கடை வெச்சிருக்கலாமா?"

"அப்ப டாக்டர்கிட்டயாவது சொல்லித் தொலைங்க."

"நான் நல்லா இருக்கேன்னு அவரே சொல்லிட்டாரே! எதுத்தா பேசறது?"

இந்த நிலையில்தான் அந்த நூற்றைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து ஒரு மூத்த பெண் மருத்துவர் வந்தார். காட்சிக்கு வைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் ரொட்டிக்கடைக்காரர். சலவைச் சட்டையும் மனைவியும் சகிதமாக வந்து உட்கார்ந்தார்.

"இவரைப் பாருங்க மேடம்," என்று மருத்துவர் அவர் தோளில் கையைப் போட்டார். "வந்தப்ப தண்ணி குடிச்சாலே துடிப்பார். இப்ப எல்லாம் நல்லா இறங்குது. இல்லையா?"

"உங்க புண்ணியத்துல, டாக்டர்."

மூத்தவர் மனைவி பக்கம் திரும்பினார். "வீட்ல இன்னிக்கு என்னம்மா சமையல்?"

"எனக்கா, இவருக்கா?"

மூத்தவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ரெண்டும் வேற வேறயா?"

"ஆமாம்மா. எனக்குச் சாப்பாடு, இவருக்குக் கரைச்ச கூழு. ஊருக்கே ரொட்டி சுடறார், ஒரு துண்டு வாயில போட்டா நெஞ்சுல நின்னுக்குது. எழுந்து நின்னு குதிக்கறார்."

"ஏய், சும்மா இரு!"

"என்ன சும்மா இரு? எரிச்சல் போச்சு, படுத்துத் தூங்கறீங்க, அதை நான் இல்லேங்கலையே. டாக்டருக்கு ராசியான கைதான். கொஞ்சம் இறுக்கமான கை, அவ்வளவுதான்."

மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். மருத்துவர் சுவரைப் பார்த்தார். "மேடம்... அப்ப என் நூறு?"

"நூறுன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க தம்பி. குறைச்சுப் போடுங்க, மரியாதை கூடும். முதல்ல வேற ஆளை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. நீங்க கேட்டா செத்தவன்கூட சௌக்கியம்னுதான் சொல்வான். இவருக்கு உள்ள பலூன் விட்டு இறுக்கத்தைத் தளர்த்திடலாம், சின்ன வேலை."

மருத்துவரின் கை தோளிலிருந்து இறங்கியது. "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க டாக்டர். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

வேறு ஆட்கள் கேட்டபோது நிறைய வந்தது. ஒருவருக்கு ஏப்பமே வருவதில்லை. இன்னொருவருக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. பெரும்பாலோர் உண்மையிலேயே நலம். வரைபடம் சற்றுக் குள்ளமாயிற்று. ஆனால் மருத்துவருக்கு அழைப்புகள் பெருகின. போகிற மேடையிலெல்லாம் தம் அடக்கத்தைப் பற்றி வெகுநேரம் பேசுகிறார்.

பலூன் வேலை முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் கடைக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது; மனைவி எடுத்தாள். மறுமுனையில் மருத்துவமனையின் இளம் பெண் மருத்துவர்.

"ஐயாவுக்குக் கெட்டியான சாப்பாடு இறங்குதாம்மா?"

"இருங்க கண்ணு, வாயில ரொட்டி வெச்சிருக்கார். முழுங்கிட்டுச் சொல்வார்."

மறுமுனை காத்திருந்தது.

"முழுங்கிட்டாராம்மா?"

"முழுங்கிட்டார். ஆனா அடுத்த துண்டை எடுத்துட்டார். இன்னிக்குப் பேச மாட்டார் போல, நீங்களே எழுதிக்கோங்க."