உதயகுமாரின் முறை

இரண்டாயிரத்து ஐந்தில், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் தணிகாசலம் நடத்திவந்த கம்பெனியில் இரண்டே பேர்தான் வேலை பார்த்தார்கள். ஸிந்துஜா சின்ன காஞ்சிபுரத்துப் பெண், எம்.சி.ஏ. முடித்தவள், செல்போனுக்குப் புரோகிராம் எழுதுவாள். உதயகுமார் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம், படிப்பு சுமார். ஆனால் ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் கோட்டை பிடிக்கிற விளையாட்டில் அவனை ஜெயித்தவர் கிடையாது. எதிராளி முதல் வீரனை உண்டாக்குவதற்குள் இவனுடைய குதிரைப்படை வாசலில் நிற்கும். அந்தப் பெயரை நம்பித்தான் தணிகாசலம் அவனை வேலைக்கு எடுத்தார்.

பெங்களூர் கம்பெனி ஒன்று தன்னுடைய போர் விளையாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து செல்போனுக்கு மாற்றித் தரச் சொல்லியிருந்தது. ஸிந்துஜா முதலில் அதை அப்படியே போனில் ஏற்றிப் பார்த்தாள். இரண்டு படைகளும் சேர்ந்து நகர்ந்ததும் போன் திணறி நின்றது. யானைகள் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றன.

"ரெண்டு படையும் ஒரே நேரத்துல நகர முடியாது," என்றாள். "ஒருத்தர் ஆடி முடிச்சப்புறம் இன்னொருத்தர்னு முறை வெச்சாத்தான் இந்தப் போன் தாங்கும்."

"அது தாயம்ங்க," என்றான் உதயகுமார். "சண்டையில எவனாவது, மொதல்ல நீ வெட்டு, அப்பால நான் வெட்டறேன்னு நின்னுக்கினு இருப்பானா?"

"போன்ல இடம் இல்லைன்னா நின்னுதான் ஆகணும்."

வேறு வழியில்லை. சண்டையை முறைகளாகப் பிரிக்கிற வேலை அவனிடம் வந்தது. மனசு வைத்தே செய்தான். ஒரு முறையில் குதிரை எவ்வளவு தூரம் போகலாம், கோட்டைச் சுவர் எத்தனை அடி தாங்கும் என்று தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி வைத்து யோசித்தான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே போனைக் கைமாற்றிக் கைமாற்றி இரண்டு பேர் ஆடலாம். அருமையான ஆட்டம். ஒரே குறை, அதை உண்டாக்கினவனால் அதில் ஜெயிக்க முடியவில்லை.

முதலில் ஸிந்துஜாவிடம் தோற்றான். அவள் அதுவரை எந்த விளையாட்டும் ஆடியதில்லை. பிறகு தணிகாசலத்திடம் தோற்றான். அவர் குதிரை எது, யானை எது என்று கேட்டுக் கேட்டு ஆடியவர். கம்ப்யூட்டரில் அவனுக்காக விரல்களே யோசித்துவிடும். இங்கே விரலுக்கு வேலையில்லை. குதிரையை அனுப்பலாமா, அனுப்பினால் கோட்டைக்குக் காவல் யார் என்று ஆரம்பித்தால் முடிவே வராது. ஒரு தடவை அவன் யோசித்து முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.

"இன்னாபா, சாம்பியன்னு சொல்லித்தானே உன்னைக் கூட்டியாந்தேன்?" என்றார் தணிகாசலம்.

மறுநாள் உதயகுமார் ஒரு யோசனையோடு வந்தான். "முறைக்கு அரை நிமிஷம்னு வெச்சிடலாம். அதுக்குள்ள ஆடலைன்னா முறை போச்சு. அப்பத்தான் சண்டை மாதிரி இருக்கும்."

யாருக்காக இந்த அவசரம் என்று ஸிந்துஜாவுக்குப் புரிந்தது. சிரிக்காமல் எழுதிக் கொடுத்தாள்.

பெங்களூர்க்காரர்கள் அந்த அரை நிமிஷத்தில் மயங்கிப் போனார்கள். வேகத்தையும் விடாமல் முறையையும் கொண்டுவந்த மூளை யாருடையது என்று போன் போட்டே கேட்டார்கள். தணிகாசலம் உதயகுமாரின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, கீழே பட்டுக்கடை வரைக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

அன்று சாயந்திரம், இனிப்பு வாயில் இருக்கும்போதே, உதயகுமார் ஸிந்துஜாவை ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். அரை நிமிஷக் கணக்கோடு ஆடினார்கள். அரை நிமிஷக் கணக்கோடு தோற்றான்.

போனை மேஜைமேல் வைத்தான். "நெஜமா கேக்கறேங்க. உங்க முறை வந்தா இன்னாதான் யோசிப்பீங்க?"

"என் முறையில ஒண்ணும் யோசிக்கறதில்லையே. உங்க முறையில உங்க மூஞ்சியைப் பாத்துண்டிருப்பேன். எந்தப் பக்கம் ஆள் நகர்த்தறச்சே உதட்டைக் கடிக்கறேளோ, அந்தப் பக்கம்தான் உங்களுக்குப் பயம். அங்க அடிப்பேன். அவ்வளவுதான்."

உதயகுமார் கம்ப்யூட்டர் சென்டரை நினைத்துப் பார்த்தான். சென்டரில் ஆளுக்கொரு பலகைத் தடுப்பு. அவன் முகத்தை அங்கே எவனும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் ஜெயித்தது தானா, தடுப்பா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"இப்ப ஆடுங்க."

ஆடினார்கள். இந்தத் தடவை கோட்டை இன்னும் சீக்கிரமாகவே விழுந்தது.

"இப்ப எப்படிங்க?" என்றான், திரும்பாமலே.

"காது சிவக்கறது," என்றாள் ஸிந்துஜா.